டெங்குக்கும் இரண்டு பூ: குமரி மாவட்டத்தில் டெங்கு பரவும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவன் இல்லை. கல்குளம் பக்கம் கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் தென்னை, கிணறு உள்ள ஒரு வீடு. வீட்டில் இரண்டு முறை டெங்கு வந்து போனது. அதற்குப் பிறகு இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

டெங்கு ஐப்பசி, கார்த்திகையில்தானே வரும்? நம் ஊரில் ஆனி, ஆடியிலேயே ஆஸ்பத்திரி ஏன் நிரம்புகிறது?

சென்னையிலிருந்து வரும் விழிப்புணர்வு அறிவிப்புகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் சூடுபிடிக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அது சரி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய கையோடு காய்ச்சல் காலமும் தொடங்கிவிடும். குமரி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இரண்டு மழையும் உண்டு. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்தில் இரண்டு போகம் நெல் எடுத்தோம். வயல்கள் பாதி போய்விட்டன. ஆனால் டெங்கு மட்டும் இன்னும் இரண்டு பூ விளைகிறது என்று நான் சொல்வதுண்டு.

கணக்கு எளிது. மழை பெய்து தண்ணீர் தேங்கினால், முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அந்தக் கொசு ஒரு நோயாளியைக் கடித்தால், வைரஸ் அதன் உடம்பில் பெருகி அடுத்தவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வர இன்னும் 8 முதல் 12 நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள். ஆக, முதல் நல்ல மழைக்கும் காய்ச்சல் வரிசைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. கவனிக்க வேண்டிய மாதம் அதுதான். அந்த மாதத்தில்தான் யாரும் டெங்குவை நினைப்பதில்லை.

பேய்மழை கொசுவுக்கு ஆகாது, புழுவையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் மழை, நாலு நாள் வெயில், மறுபடி ஒரு சாரல் என்றால்தான் அதற்குக் கொண்டாட்டம். நம் மாவட்டத்தில் பல மாதங்கள் அப்படித்தான் கழிகின்றன.

அப்படியானால் கோடையில் பயமில்லையா?

இருக்கிறது, ஆனால் இடம் மாறுகிறது. முக்கடல் அணை வற்றும் வருடங்களில் நாகர்கோவிலில் தண்ணீர் விடும் இடைவெளி நீளும். வீட்டுக்கு வீடு டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்து நிற்கும். மழைக்காலத்தில் விளையில், அதாவது தோட்டத்தில், வளரும் கொசு, கோடையில் குளியலறைக்கு வந்துவிடுகிறது.

குமரிக்கு டெங்கு எப்போது வந்தது? சின்ன வயதில் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்படாததில் வியப்பில்லை. பழைய டெங்கு பெருநகரங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1963-64ல் கல்கத்தாவிலும், 1996ல் டெல்லியிலும் பெரிதாகப் பரவியது. தெற்கு மூலையில் படம் மாறத் தொடங்கியது 1990களின் கடைசியில். கேரளத்தில் 1997ல் கோட்டயம் மாவட்டத்தில் டெங்கு தெரிய வந்தது. 2003ல் அந்த மாநிலத்தில் பெரும் பரவல். கோட்டயம் ரப்பர் நாடு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்தை ஒட்டி நம் கிராமங்களிலும் நோய் தெரிந்தது. குமரியின் கிராமப்புறங்களில் பரவிய டெங்குவைப் பற்றி, நோயாளிகளின் ரத்தத்தையும் கொசுக்களையும் சேர்த்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2006ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது.

அப்புறம் 2006, 2007ல் சிக்குன்குனியா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த வருடங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பரப்பியதும் இதே கொசுக் குடும்பம்தான். 2012ல் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டம் டெங்குவால் தவித்தது; தமிழ்நாட்டில் அந்த ஆண்டு பதிவானவர்கள் 12,826 பேர், இறந்தவர்கள் 66. 2017ல் பதிவு 23,294 ஆனது, இறப்பு 65. அதே 2017ல் கேரளத்திலும் கடுமையான பரவல். 2021 ஜூலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் பாறசாலைப் பக்கம் கேரளத்தின் முதல் ஜிகா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதுவும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வகைக் கொசுவின் வேலைதான்.

இதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பது, இந்தப் பக்கத்துக்கான முன்னறிவிப்பு. தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிற மாவட்டத்துக்குச் சோதனைச் சாவடி எதைத் தடுக்கும்? கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. வைரஸை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர்கள்தான்.

டெங்கு டவுன் நோய் என்கிறார்கள். மலையோர ஊர்களில், ரப்பர் எஸ்டேட்டில் எப்படி?

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டெங்குவைச் சுமக்கும் கொசுக்கள் இரண்டு. ஏடிஸ் எஜிப்தி வீட்டுக் கொசு. தொட்டி, டிரம், பூச்சாடி, பிரிட்ஜ் பின்னாலுள்ள தட்டு என்று மனிதன் சேர்த்து வைக்கும் தண்ணீரில் வளரும். வீட்டுக்குள்ளேயே கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணியிலும் ஒளிந்திருக்கும். சுவரொட்டிகளில் வரும் கொசு இதுதான். ஏடிஸ் அல்போபிக்டஸ் தோட்டக் கொசு. முதுகில் நட்டநடுவே ஒற்றை வெள்ளைக் கோடு இருக்கும். நிழலும் ஈரமும் செடியும் உள்ள இடம் அதற்குப் போதும். கேரளத்து மலையோரங்களில் டெங்குவைப் பரப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கமும் அதே மரம், அதே மழை, அதே நிழல்.

ரப்பர் தோட்டத்தை ஒரு கொசுவின் கண்ணால் பாருங்கள். பால் பிடிக்க மரத்துக்கு ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கப்போ கட்டியிருக்கிறது. ஒரு ஏக்கரில் ஏறக்குறைய இருநூறு மரம் இருக்கும். பால் இருக்கும்வரை அதில் புழு வராது. பால் வெட்டு நின்ற நாள்களில்தான் வில்லங்கம். மழை வலுத்தால் வெட்டு நிற்கும். விலை விழுந்தால் நிற்கும். வெட்ட ஆள் கிடைக்காவிட்டாலும் நிற்கும். சிரட்டை மட்டும் வாய் திறந்தபடி மரத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் கால் டம்ளர் மழைத்தண்ணீர், அதில் இரண்டு இலை. கொசுவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரப்பர் விலைக்கும் டெங்குவுக்கும் முடிச்சுப் போடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் விலை விழுந்து வெட்டாமல் போட்ட ஒரு விளைக்குள் மழைக்குப் பிறகு பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். எங்கள் விளையில் நான் நின்று பார்த்திருக்கிறேன். கால் இரண்டும் தடித்துப்போய்த்தான் வீடு திரும்பினேன்.

சிரட்டை மட்டும் இல்லை. ஊடுபயிராக வைத்த கைதச்சக்கையின் (அன்னாசி) இலை இடுக்கில் தண்ணீர் நிற்கும். விழுந்து கிடக்கும் கமுகுப் பாளை ஒரு சின்னத் தொட்டி. அணில் குடைந்த தேங்காய், எறிந்த டயர், கல்யாண வீட்டுக்குப் பின்னால் கொட்டிய பிளாஸ்டிக் டம்ளர் எல்லாமே கணக்கில் வரும். இந்தக் கொசு கடிப்பது காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும். பால் வெட்டும் தொழிலாளி விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கி, பால் எடுத்து முடிக்க ஒன்பது பத்து மணி ஆகும். இரண்டு பேரின் வேலை நேரமும் ஒன்றாகிவிடுகிறது. ராத்திரி கொசுவலை கட்டுவது நல்லதுதான், ஆனால் தோட்டத்தில் வாங்கிய கடிக்கு அது என்ன செய்யும்?

'வீட்டுத் தொட்டியை மூடுங்கள்' என்ற அறிவுரை மட்டும் குமரிக்குப் பாதிதான் பொருந்தும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

குளங்களைத் தூர்வாரினால் டெங்கு குறையுமா?

குறையாது. குளம் தூர்வாருவது வேறு பல காரணங்களுக்காக அவசியம், ஆனால் ஏடிஸ் குளத்திலோ சாக்கடையிலோ முட்டையிடுவதில்லை. சாக்கடைக் கொசு கியூலெக்ஸ். ராத்திரி காதில் பாடுவது அது.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்குக் கொசு நிற்காது என்கிறார்களே?

நிற்கும். தூத்தூர் முதல் ஆரோக்கியபுரம் வரை நெருக்கமான வீடுகள், முறை வைத்து வரும் குடிநீர், வாசலுக்கு வாசல் நீல டிரம். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். ஐஸ் பெட்டியிலும் தேங்கும். லேசான உப்புநீரில்கூட ஏடிஸ் புழு வளர்வதை யாழ்ப்பாணக் கரையோரம் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தவிர, ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கொச்சி, மங்களூர் என்று பல துறைமுகங்களில் தங்கி வருகிறார்கள். ஊர் திரும்பிய வாரத்தில் காய்ச்சல் வந்தால், எந்தத் துறையிலிருந்து வந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் தெருவிலேயே எட்டுப் பேருக்கு டெங்கு. பேப்பரில் மாவட்டத்துக்கே நாலைந்து பேர் என்று போடுகிறார்கள். மறைக்கிறார்களா?

எல்லாவற்றையும் மறைப்பு என்று சொல்லிவிட முடியாது. எண்ணும் முறையும் காரணம். தனியார் லேபில் அட்டை வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்வது துரிதப் பரிசோதனை. அரசுக் கணக்கில் ஏறுவது எலிசா என்ற ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானவை மட்டும். அட்டையில் பாசிட்டிவ் வந்தவர் எலிசாவுக்குப் போகாவிட்டால் கணக்கில் வரமாட்டார். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: எல்லையோர விளவங்கோட்டுக்காரர்களில் பலர் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று எல்லை தாண்டித்தான் சிகிச்சைக்குப் போகிறார்கள்; அவர்களும் நம் மாவட்டக் கணக்கில் விடுபடலாம்.

இதற்கெல்லாம் மேலாக, தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. 2017-18ல் நாடு முழுவதும் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். 5 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்களில், தென்மாநிலங்களில் 76.9 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டெங்குத் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. தெற்கில் நாலில் மூன்று பேர்! அவர்களில் எத்தனை பேர் 'எனக்கு டெங்கு வந்தது' என்று சொல்லியிருப்பார்கள்?

ஆண்டுக் கணக்கைப் படிக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் 2017ல் 23,294 ஆக இருந்த எண்ணிக்கை 2020ல் 2,410. கொரோனா ஆண்டில் ஆள் நடமாட்டம் குறைந்தது உண்மை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே எல்லோரும் பயந்ததும் உண்மை.

ஒரு தடவை வந்தால் மறுபடி வராது இல்லையா?

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த வகைக்கு மட்டும் நெடுநாள் எதிர்ப்பு. மற்ற மூன்றும் பாக்கி. இரண்டாவது முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். பழைய எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) புதிய வகையைக் கொல்ல முடியாமல், அது செல்லுக்குள் நுழைய வழிகாட்டிவிடுகின்றன. எங்கள் வீட்டிலும் இரண்டாவது தடவைதான் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. நாலில் மூன்று பேருக்கு ஒரு தடவையாவது வந்துபோன இந்தத் தென்பகுதியில், 'குழந்தைகள் நோய்' என்று பெரியவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

என்எஸ்1 நெகட்டிவ் என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

எத்தனையாவது நாள் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. என்எஸ்1 என்பது ரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை; முதல் ஐந்து நாளுக்குள் பார்க்க வேண்டியது. அதற்குப் பிறகு, உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பார்க்க வேண்டும். ஆறாம் நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து 'டெங்கு இல்லை' என்று சீட்டோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் நாலாம் நாள் விட்டுவிட்டது. வேலைக்குப் போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். எல்லாக் காய்ச்சலிலும் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் அப்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு தணியும் சமயத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கலாம். ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். இந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம்.

விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், மூச்சுத் திணறல், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சுணங்கிக் கிடப்பது அல்லது காரணமில்லாமல் நச்சரிப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரியாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரம் என்றால், முதலில் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தத்தையாவது பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் நாள்களில் உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம், இளநீர், ஓஆர்எஸ் எல்லாம் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் ரத்தக்கசிவைத் தூண்டும். உடம்புவலிக்கு என்று கடையில் 'ஒரு செட் மாத்திரை' வாங்குகிற பழக்கம் இந்த நோயில் ரொம்ப ஆபத்து. ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும், நிறுத்துவதா தொடர்வதா என்று மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கவுண்ட் நாற்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்ற ஆள் தேட வேண்டாமா?

பதறாதீர்கள். கவுண்ட் என்பது ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை; ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது வழக்கம். டெங்குவில் குறையும், பிறகு தானாக ஏறும். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கிறார்கள். கவுண்ட்டைவிட முக்கியமானது, அதே சீட்டில் பிசிவி என்றோ ஹெமட்டோகிரிட் என்றோ இருக்கும் எண். அது விறுவிறுவென ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். கவுண்ட்டை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரையே கலக்கும் நாம், பிசிவியைப் பார்ப்பதுகூட இல்லை.

பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு?

நிலவேம்புக் குடிநீரை அரசே முகாம்களில் கொடுத்திருக்கிறது. மருத்துவர் சொன்ன சிகிச்சையோடு சேர்த்துக் குடிப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் இரண்டில் எதுவும் நீர்க்கசிவை நிறுத்தும் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பப்பாளிச் சாற்றைக் குடித்துக் குடித்து வாந்தியெடுப்பவருக்கு நஷ்டமாவது உடம்பிலுள்ள தண்ணீர்.

எல்லாக் காய்ச்சலும் டெங்குதானா?

இல்லை. வயலில், கால்வாயில், சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

தெருவில் புகை அடித்தால் போதாதா?

புகை அன்றைக்குப் பறக்கும் கொசுவைக் கொல்லும், அதுவும் பட்டால்தான். புழுவையும் முட்டையையும் தொடாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரியும். போதாததற்கு, வைரஸ் தாய்க்கொசுவிலிருந்து முட்டைக்கே இறங்குவதையும் கேரளத்தில் கண்டிருக்கிறார்கள். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டிச் சுவரைத் தேங்காய் நார் கொண்டு தேய்க்க வேண்டும். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து தொட்டியில் மருந்து ஊற்றும்போது முகம் சுளிக்காதீர்கள்; டெமிபாஸ் சரியான அளவில் குடிநீருக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து.

தடுப்பூசி வந்துவிட்டதா?

சில நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் ஒரே தவணையாகப் போடும் உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டப் பரிசோதனை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சேர்க்கும் திட்டத்துடன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அதை நம்பிச் சிரட்டையைக் கவிழ்க்காமல் இருக்க வேண்டாம்.

சரி, வீட்டிலும் விளையிலும் என்னதான் செய்ய வேண்டும்?

கேரளத்தில் 'ட்ரை டே' என்று வைத்திருக்கிறார்கள்: வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம், சனிக்கிழமை அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை வீடு. (முதல் தேதி மதுக்கடை மூடுகிற ட்ரை டே வேறு, எல்லையோரத்தில் இந்தக் குழப்பம் உண்டு.) முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும் என்பதால், வாரம் ஒருமுறை என்பது சும்மா வைத்த கணக்கில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு காலை அரை மணி நேரம். கிரைண்டர் வந்த பிறகு முற்றத்தில் அனாதையாகக் கிடந்த ஆட்டுக்கல்தான் எங்கள் வீட்டுப் பெரிய குற்றவாளி என்று முதல் வாரமே தெரிந்துபோனது. அதன் குழியில் மண்ணைப் போட்டு மூடிவிட்டோம். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விட்டிருக்கிறோம். பாட்டிலில் வளரும் மணிபிளான்டைத் தொட்டிமண்ணுக்கு மாற்றினோம்.

விளையில் ஒரே விதி: வெட்டு நிற்கும் அன்றே சிரட்டை கவிழ வேண்டும். வெட்டுக்காரரிடம் கடைசி நாள் கூலியோடு கவிழ்க்கும் கூலியையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் அது நடக்காது. கமுகுப் பாளையை இரண்டாகக் கிழித்துப் போட்டால் தண்ணீர் நிற்காது. தோட்டத்தில் இறங்குகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு, கொசுவிரட்டிக் களிம்பு தடவிக்கொள்ள வேண்டும்.

ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடும், அவர்களின் வெட்டாத விளையும் பக்கத்தில் இருந்தால், உரிமையாளருக்கு ஒரு போன் போடுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சாவி யாரிடம் என்றும் சொல்வார்கள். பதில் வராவிட்டால் ஊராட்சியிலோ வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடமோ எழுத்தில் கொடுத்து வையுங்கள். நாங்கள் இரண்டையும் செய்தோம். இப்போது பக்கத்து விளைச் சிரட்டைகளையும் நாங்களே கவிழ்க்கிறோம்.